மைன்கிராஃப்ட் பிளகினில் சிங்க், அசிங்க்: பதிலை எப்போது சொல்ல வேண்டும்?

மைன்கிராஃப்ட் சர்வரின் நேரக்கணக்கு எளிது. நொடிக்கு 20 டிக் (உலகம் ஒரு படி நகரும் சுற்று), ஒரு டிக்குக்கு 50 மில்லிநொடி. அந்த 50-க்குள் உயிரினங்கள் நகர வேண்டும், ரெட்ஸ்டோன் ஓட வேண்டும், தண்ணீர் பாய வேண்டும், பிளேயர்கள் அனுப்பிய பாக்கெட்டுகளைக் கவனிக்க வேண்டும். நாம் எழுதிய பிளகின்களும் (சர்வரில் சேர்க்கும் கூடுதல் நிரல்கள்) அதற்குள்ளேயே ஓடி முடிய வேண்டும். ஏறக்குறைய எல்லாமே ஒரே மெயின் த்ரெட்டில், அதாவது வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரே தடத்தில். கதவைத் திறக்கும்போது சர்வர் அழைக்கும் நம் மெத்தடான லிசனருக்குள் உட்கார்ந்து மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸிடம் "இவருக்கு அனுமதி உண்டா?" என்று கேட்டு, பதில் வர 80 மில்லிநொடி ஆனால், ஒரு டிக் முழுதாகவும் அடுத்ததில் பாதிக்கு மேலும் போய்விட்டது. கதவைத் தொட்டவர் ஒருவர். நின்று காத்திருந்தவர்கள் சர்வரில் இருந்த அத்தனை பேரும்.

உடனே எல்லோரும் சொல்லும் வழி, "அசிங்க் ஆக்கிவிடு", அதாவது வேலையை வேறொரு த்ரெட்டுக்குத் தள்ளிவிடு; மெயின் த்ரெட்டிலேயே செய்வது சிங்க். அந்த வழி பாதிதான் சரி. பொருள் இரண்டாகப் பெருகுவதும், காசு காணாமல் போவதும், பிளேயரின் சேமிப்பு வெறுமையாகிவிடுவதும் மீதிப் பாதியைக் கவனிக்காததால் வருபவை. பிளகின்களை ஏற்கும் சர்வர் மென்பொருள்களான பக்கிட், ஸ்பிகாட், பேப்பர் குடும்பத்தை வைத்து அந்த மீதிப் பாதியைப் பார்ப்போம்.

முதலில் ஒரு நிகழ்வு (ஈவென்ட்) உண்மையில் என்ன என்று தெளிவாக வேண்டும். பிளாக் பிரேக் ஈவென்ட் என்பது எங்கோ வரிசையில் போட்டு, பிறகு யாரோ எடுத்துப் பார்க்கும் செய்தி கிடையாது. அது வெறும் மெத்தட் அழைப்பு. சர்வர் ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கும்; பதிவு செய்த லிசனர்களை லோயஸ்ட், லோ, நார்மல், ஹை, ஹையஸ்ட், மானிட்டர் என்ற வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கும்; கடைசி லிசனர் திரும்பியதும் "கேன்சல் ஆகியிருக்கிறதா?" என்று பார்க்கும், இல்லையென்றால் கல்லை உடைக்கும். எல்லாம் ஒரே த்ரெட்டில், ஒரே மூச்சில். நிகழ்வு என்பது சர்வர் நம்மிடம் கேட்கும் கேள்வி. நம் மெத்தட் திரும்பும்போது பதில் கையில் இருந்தாக வேண்டும்.

ஆகவே லிசனருக்குள் அசிங்க் டாஸ்க் ஒன்றைக் கிளப்பி, டேட்டாபேஸைப் பார்த்துவிட்டு, அந்த டாஸ்க்குக்குள் நிகழ்வை ரத்து செய்யும் செட் கேன்சல்ட் மெத்தடை அழைத்தால் எந்தப் பலனும் இல்லை. எர்ரர் வராது, லாகிலும் ஒன்றும் விழாது. ஆப்ஜெக்டில் உள்ள பூலியன் ட்ரூ ஆகும், அவ்வளவுதான். சர்வர் அதைப் பார்த்துவிட்டுப் போய் நேரமாகிவிட்டது. தாலி கட்டி முடிந்த பிறகு மண்டபத்துக்கு வந்து ஆட்சேபம் சொல்வதைப் போன்றது அது. புதிதாக எழுதுபவர்களின் கோடில் அதிகம் தென்படும் பிழை இதுதான். தனியாகச் சோதித்தால் பிடிபடாமலும் போகலாம்: அசிங்க் டாஸ்க் மிக வேகமாக முடிந்து, உங்களுக்குப் பின்னால் வரும் லிசனர்கள் சற்று மெதுவாக இருந்தால், கேன்சல் எப்போதாவது வேலை செய்துவிடும்.

பெயர் கிளப்பும் குழப்பம் இன்னொன்று. அசிங்க் பிளேயர் ப்ரீலாகின் ஈவென்ட், அசிங்க் பிளேயர் சாட் ஈவென்ட் என்று சில நிகழ்வுகளுக்குப் பெயரிலேயே அசிங்க் இருக்கிறது. "லிசனர் தனியாக ஓடும், சர்வர் காத்திருக்காது" என்று அதைப் படித்துவிடக் கூடாது. சர்வர் இங்கேயும் காத்திருக்கிறது. காத்திருப்பது மெயின் த்ரெட் இல்லாத வேறொரு த்ரெட், அதுதான் வித்தியாசம். ப்ரீலாகின் ஈவென்ட் லாகின் சரிபார்க்கும் த்ரெட்டில் ஓடுகிறது, சாட் ஈவென்ட் சாட் த்ரெட்டில். லிசனர்கள் அங்கேயும் வரிசையாகத்தான் ஓடும், கேன்சல் அங்கேயும் திரும்புவதற்குள் சொன்னால்தான் செல்லும். அதனால் ப்ரீலாகினில் டேட்டாபேஸைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்று காத்திருப்பது தப்பே இல்லை, அந்த நிகழ்வு இருப்பதே அதற்காக. அதற்குள்ளிருந்து இன்னொரு அசிங்க் டாஸ்க் கிளப்புவதுதான் தப்பு.

சாட் ஈவென்டில் நுணுக்கம் ஒன்று உண்டு. பிளேயர் தட்டச்சு செய்தால் அது அசிங்க்காக வரும். ஒரு பிளகின் மெயின் த்ரெட்டிலிருந்து அந்தப் பிளேயரின் பெயரில் சாட் மெத்தடை அழைத்தால், அதே ஈவென்ட் மெயின் த்ரெட்டிலேயே சிங்க்காக வரும். பெயரை நம்பி உள்ளே மெதுவான வேலை செய்தால் டிக் நிற்கும். ஈஸ் அசிங்க்ரனஸ் என்று கேட்டுப் பார்ப்பதுதான் சரி. பழைய பிளேயர் சாட் ஈவென்டை எந்தப் பிளகினாவது ஒன்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், கிராஃப்ட்பக்கிட் (பக்கிட்டின் சர்வர் நிரல்) ஒவ்வொரு சாட்டையும் மெயின் த்ரெட்டுக்கு அனுப்பி அது முடியும் வரை சாட் த்ரெட்டை நிறுத்திவைக்கும். டிக் தடுமாறும்போதெல்லாம் சாட்டும் சேர்ந்து தடுமாறினால், டெப்ரிகேட் ஆன, அதாவது இனி பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட, அந்த ஈவென்டின் லிசனர் எந்தப் பிளகின் கோப்பில் (ஜாரில்) இருக்கிறது என்று தேடுங்கள்.

நாமே ஒரு நிகழ்வு வகையை உருவாக்கினால், கன்ஸ்ட்ரக்டரில் சூப்பருக்கு ட்ரூ கொடுத்தால் அசிங்க், கொடுக்காவிட்டால் சிங்க். அசிங்க் என்று அறிவித்ததை மெயின் த்ரெட்டில் அழைத்தால் இல்லீகல் ஸ்டேட் எக்செப்ஷன். சிங்க் நிகழ்வை வேறு த்ரெட்டில் அழைத்தாலும் இன்றைய பதிப்புகளில் அதே கதைதான். இரண்டு இடத்திலிருந்தும் அழைக்க வேண்டுமென்றால், கன்ஸ்ட்ரக்டருக்கு "இப்போது இருப்பது பிரைமரி த்ரெட் இல்லைதானே" என்பதைக் கணக்கிட்டுக் கொடுப்பது வழக்கம்.

கேள்விக்கு முன்பே பதில்

சிங்க் நிகழ்வுக்கு உடனே பதில் வேண்டும், டேட்டாபேஸுக்கோ நேரம் வேண்டும். இரண்டும் ஒத்துப்போக ஒரு வழிதான்: கேள்வி வருவதற்கு முன்பே பதில் நினைவகத்தில் இருக்க வேண்டும். இந்த வகை நிரலாக்கத்தில் உள்ள கலை முழுவதும் "எதை, எப்போது முன்கூட்டி ஏற்றிவைப்பது" என்பதில்தான் இருக்கிறது.

பிளேயர் தரவுக்கு இயல்பான இடம் ப்ரீலாகின். அங்கே பிளேயர் ஆப்ஜெக்ட் கிடையாது. யூயூஐடி (பிளேயரின் அடையாள எண்), பெயர், ஐபி மட்டும். அது போதும். யூயூஐடியை வைத்துத் தரவை எடுத்து, பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொடக்கூடிய ஒரு கன்கரன்ட் ஹேஷ்மேப்பில் போடுங்கள். சாதா ஹேஷ்மேப் வேண்டாம், ஏனென்றால் எழுதுவது லாகின் த்ரெட், படிப்பது மெயின் த்ரெட். பிறகு மெயின் த்ரெட்டில் ஜாயின் ஈவென்ட் வரும்போது தரவு தயாராக இருக்கும்.

இங்கே மூன்று ஓட்டைகளை அடைக்க வேண்டும். தரவை எடுப்பதில் எக்செப்ஷன் வந்தால் பிளேயரை உள்ளே விடக் கூடாது. டிஸ்அலவ் அழைத்து, சிறிது நேரம் கழித்து வரச் சொல்லுங்கள். "பரவாயில்லை, புதுத் தரவோடு வரட்டும்" என்று விட்டால், அவர் வெளியேறும்போது அந்த வெறுமையான தரவு பழையதன் மேல் எழுதப்படும். ஐந்து நொடி நெட்வொர்க் கோளாறுக்கு ஒருவரின் ஒரு வருட உழைப்பு போய்விடும். எந்தப் பிளகினைப் பரிசீலித்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த கேட்ச் பிளாக்கைத்தான்.

அடுத்தது, ப்ரீலாகின் தாண்டியவர் எல்லாம் உள்ளே வந்துவிடுவதில்லை. சர்வர் நிறைந்திருக்கலாம், வேறொரு பிளகின் தடுக்கலாம், இணைப்பு அறுந்துபோகலாம். ஜாயின் நடக்காதவருக்கு க்விட் ஈவென்டும் வராது. அவருடைய தரவு மேப்பிலேயே கிடந்து நினைவகத்தைத் தின்னும். ப்ரீலாகினில் ஏற்றியதை ஒரு நிமிடத்தில் காலாவதியாகும் தற்காலிக கேஷில் வைத்து, ஜாயினில் நிரந்தர மேப்புக்கு மாற்றுவது நல்ல வழி.

மூன்றாவது, நேர வரம்பு. லாகின் 600 டிக்கைத் தாண்டினால், அதாவது 30 நொடி ஆனால், சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடும். டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் நூலகமான ஹிகாரி சிபியில் இணைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தின் இயல்பு மதிப்பும் 30,000 மில்லிநொடிதான். இரண்டும் மோதினால், டேட்டாபேஸ் தடுமாறும்போது உங்கள் அழகான விளக்கச் செய்தி பிளேயருக்குப் போய்ச் சேராமலே அவர் துண்டிக்கப்படுவார். ஹிகாரியின் மதிப்பை 5,000-க்குக் குறையுங்கள்.

நிலப் பாதுகாப்பு போன்ற தரவுக்கும் இதே யோசனைதான்: சர்வர் கிளம்பும்போதே எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம். பதினாயிரக்கணக்கான நில உரிமைகளானாலும், ஒவ்வொன்றும் சில எண்களும் ஒரு யூயூஐடியும்தான். நினைவகத்துக்கு அது பெரிய பாரமில்லை.

முன்கூட்டி ஏற்ற முடியாத சமயங்களும் உண்டு. அப்போது செய்ய வேண்டியது: இப்போதைக்கு மறுத்துவிட்டு, விசாரித்த பிறகு நாமே செய்வது. கடைப் பெட்டியில் 500 காசுக்கு ஒரு வைர வாள் விற்பதை எடுத்துக்கொள்வோம். காசு பல சர்வர்கள் பகிரும் மைஎஸ்க்யூஎல்லில் இருக்கிறது.

இன்வென்டரி கிளிக் ஈவென்ட் வந்ததும், எதையும் கேட்பதற்கு முன் கேன்சல் செய்யுங்கள். பிளேயரின் யூயூஐடியை "வாங்கிக்கொண்டிருப்பவர்" செட்டில் சேருங்கள். ஏற்கெனவே இருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள், அது இரண்டாம் கிளிக். பிறகு அசிங்க் த்ரெட்டில் காசைக் கழிக்க வேண்டும். முதலில் இருப்பை செலக்ட் செய்து, ஜாவாவில் ஒப்பிட்டு, பிறகு அப்டேட் செய்வது என்று பிரித்து எழுதினால் டூப் (பொருள் இரண்டாகப் பெருகுவது) நிச்சயம். இரண்டு சர்வர்களிலிருந்து ஒரே கணத்தில் இரண்டு செலக்டுகள் 500-ஐப் பார்த்துவிடும். "இருப்பு 500-க்குக் குறையாமல் இருந்தால் 500 கழி" என்று நிபந்தனையை அப்டேட்டின் வேர் (WHERE) பகுதிக்குள்ளேயே வைத்து, எத்தனை வரிசைகள் மாறின என்று பாருங்கள். 1 என்றால் காசு கழிந்தது. 0 என்றால் காசு போதவில்லை.

இப்போது மெயின் த்ரெட்டுக்குத் திரும்ப வேண்டும். ஷெட்யூலரின் ரன்டாஸ்க் அடுத்த டிக்கில் ஓடும். ஆனால் கிளிக்கின்போது கையிலிருந்த பிளேயர் ஆப்ஜெக்டை நம்ப வேண்டாம். யூயூஐடியை வைத்து மறுபடி தேடுங்கள். நல் (null, ஒன்றுமில்லை என்ற மதிப்பு) வந்தால் அவர் போய்விட்டார்: காசைத் திருப்பிப் போடுங்கள் அல்லது "தர வேண்டியவை" அட்டவணையில் எழுதிவையுங்கள். இருந்தால் ஆட் ஐட்டம் அழையுங்கள். அது திருப்பித் தரும் மேப் காலியாக இல்லையென்றால் பையில் இடமில்லை என்று பொருள், மிச்சத்துக்கும் ஒரு வழி வேண்டும். எந்த வழியில் முடிந்தாலும், எக்செப்ஷன் ஆனாலும்கூட, செட்டிலிருந்து யூயூஐடியை நீக்குங்கள். மறந்தால், ஒரு தடவை தடுக்கியவர் சர்வர் ரீஸ்டார்ட் ஆகும் வரை அந்தக் கடையில் எதையும் வாங்க முடியாது.

நிகழ்வுக்குப் பிறகு

பதில் சொல்லத் தேவையில்லாத வேலை எளிது. யார் எந்தக் கல்லை உடைத்தார் என்று பதிவு செய்வதற்கு மானிட்டர் நிலையில் கேட்டு, ரத்தானவற்றைத் தவிர்க்க இக்னோர் கேன்சல்ட் போட்டு, எழுதுவதை வெளியே தள்ளிவிடலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நிகழ்வின் ஆப்ஜெக்டையும் பிளாக் ஆப்ஜெக்டையும் அசிங்க் டாஸ்க்குக்குள் கொண்டுபோகாதீர்கள். பிளாக் என்பது உலகில் ஓர் இடத்தைச் சுட்டுவது மட்டும்தான். பத்து மில்லிநொடி கழித்து அதன் வகையைக் கேட்டால் "காற்று" என்று பதில் வரும், ஏனென்றால் அதற்குள் கல் உடைந்துவிட்டது. உலகத்தின் யூயூஐடி, எக்ஸ், ஒய், இசட், பொருளின் வகை, பிளேயரின் யூயூஐடி, நேரம் இவற்றை லிசனருக்குள்ளேயே சிறு ரெக்கார்டாக நகலெடுத்து, ஒரு கன்கரன்ட் வரிசையில் போடுங்கள். ஐட்டம் ஸ்டாக் (பொருள் அடுக்கு) என்றால் க்ளோன் செய்து எடுங்கள்.

வரிசையை 20 டிக்குக்கு ஒருமுறை மொத்தமாக எழுத அசிங்க் டைமர் வைப்பார்கள். பக்கிட்டின் அசிங்க் டைமர் முந்தைய சுற்று முடிந்ததா என்று பார்க்காது. டேட்டாபேஸ் மூன்று நொடி எடுத்தால் மூன்று சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். இதற்கு ஒரே த்ரெட் உள்ள, வேலைகளை வரிசையாக ஓட்டும் தனி எக்சிக்யூட்டர்தான் பொருத்தம். எஸ்க்யூலைட் டேட்டாபேஸுக்கு அது இரட்டிப்புப் பொருத்தம், ஏனெனில் அங்கே ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும்.

வெளியேறும்போது சேமிப்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. க்விட் ஈவென்டில் தரவை அசிங்க்காக எழுத அனுப்புகிறோம். பிளேயர் அடுத்த நொடியே திரும்ப வருகிறார். ப்ரீலாகின் படிப்பது, எழுதுதல் முடியாத பழைய தரவை. பெட்டியில் வைத்த வாள் பெட்டியிலும் இருக்கும், கையிலும் இருக்கும். ஒவ்வொரு யூயூஐடிக்கும் நிலுவையில் உள்ள எழுதுதலை கம்ப்ளீட்டபிள் ஃப்யூச்சராக (பிறகு முடியப்போகும் வேலையைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) வைத்திருந்து, ப்ரீலாகினில் முதலில் அது முடியக் காத்திருங்கள். அங்கே காத்திருக்க அனுமதி உண்டு என்று முன்பே பார்த்தோம். பல சர்வர்கள் உள்ள நெட்வொர்க்கில் இது போதாது. டேட்டாபேஸ் வரிசையிலேயே "எந்தச் சர்வரிடம் இருக்கிறது" என்ற பூட்டு வேண்டும், சேமித்து முடித்த சர்வர்தான் அதை விடுவிக்க வேண்டும்.

சர்வர் நிற்கும்போது நிலைமை வேறு. பிளகின்கள் முதலில் டிசேபிள் ஆகும், பிளேயர்கள் பிறகுதான் வெளியேற்றப்படுவார்கள். க்விட் ஈவென்டை நம்பி இருந்தால் அந்த நேரத்தில் ஆன்லைனில் இருந்த அத்தனை பேரின் தரவும் போகும். பிளகின் நிற்கும்போது அழைக்கப்படும் ஆன்டிசேபிளுக்குள் புது டாஸ்க் பதிவு செய்தாலும் எக்செப்ஷன்தான். அங்கே எல்லோரையும் சுற்றி வந்து, மெயின் த்ரெட்டிலேயே சிங்க்காகச் சேமியுங்கள். எக்சிக்யூட்டரை ஷட்டவுன் செய்து மிச்சம் முடியக் காத்திருங்கள். மெயின் த்ரெட்டை நிறுத்திவைப்பது முழுக்கச் சரியாக இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

மற்ற இடங்களில் நிறுத்தினால் என்ன ஆகும்? சில நொடி பின்தங்கினால் கன்சோலில் "கான்ட் கீப் அப்" வரும். பேப்பரில் 10 நொடியானால் சர்வர் உறைந்துவிட்டதா என்று கவனிக்கும் வாட்ச்டாக், த்ரெட்களின் நிலையை அச்சிடத் தொடங்கும். ஸ்பிகாட்டின் இயல்பு அமைப்பில் 60 நொடியானால் சர்வரையே கொன்றுவிடும். அந்த அச்சைப் பார்த்துப் பலர் பயந்து மூடிவிடுகிறார்கள். உண்மையில் அதில் "சர்வர் த்ரெட்" என்ற பகுதியை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் போதும். மேலே ஹிகாரியின் கெட் கனெக்ஷன் இருந்தால், டேட்டாபேஸ் அழைப்பு மெயின் த்ரெட்டில் இருக்கிறது. த்ரெட் காத்திருப்பதைக் காட்டும் பார்க் என்றும் அதற்குக் கீழே கம்ப்ளீட்டபிள் ஃப்யூச்சரின் ஜாயின் அல்லது கெட் என்றும் இருந்தால், யாரோ அசிங்க் வேலையைக் கிளப்பிவிட்டு மெயின் த்ரெட்டிலேயே அதற்காகக் காத்திருக்கிறார்கள். கீழே இறங்கினால் உங்கள் பேக்கேஜ் பெயரும் வரி எண்ணும் கிடைக்கும்.

அந்த இரண்டாம் வகை சில சமயம் மெதுவானது மட்டுமல்ல, முடிவே இல்லாதது. மெயின் த்ரெட் ஒரு ஃப்யூச்சருக்காகக் காத்திருக்கிறது. அந்த அசிங்க் வேலை நடுவில், மெயின் த்ரெட்டில் ஒரு வேலையை ஓடச் சொல்லும் கால் சிங்க் மெத்தட் அழைத்து மெயின் த்ரெட்டின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. இருவரும் அப்படியே நிற்பார்கள், வாட்ச்டாக் வரும் வரை. மெயின் த்ரெட்டில் கெட், ஜாயின் இரண்டையும் தொடாமல் இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

கம்ப்ளீட்டபிள் ஃப்யூச்சரைப் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். வேலை முடிந்ததும் ஓட வேண்டியதை இணைக்கும் தென் அக்செப்ட் (thenAccept) எந்த த்ரெட்டில் ஓடும் என்பது, அதை இணைக்கும்போது வேலை முடிந்திருந்ததா என்பதைப் பொறுத்து மாறும். முடிந்திருந்தால் இணைத்தவரின் த்ரெட், இல்லையென்றால் முடித்தவரின் த்ரெட். அதனால் சோதனையில் மெயின் த்ரெட்டில் ஓடியது, நெரிசலில் வேறெங்கோ ஓடும். அசிங்க் என்று முடியும் வடிவத்தை எடுத்து, மெயின் த்ரெட் எக்சிக்யூட்டரைக் கையோடு கொடுங்கள். பேப்பரில் ஷெட்யூலரே அதைத் தருகிறது. இன்னொன்று, உள்ளே வந்த எக்செப்ஷனை யாரும் கேட்காவிட்டால் அது சத்தமில்லாமல் மறைந்துவிடும். ஒவ்வொரு சங்கிலியின் முடிவிலும் வென் கம்ப்ளீட் வைத்து லாக் செய்யுங்கள்.

உலகத்தைத் தொடும் எதையும் அசிங்க்கில் செய்யக் கூடாது என்பதை ஸ்பிகாட்டின் அசிங்க் கேட்சர் ஓரளவு பிடித்துக் கொடுக்கும்: உயிரினம் சேர்த்தல், சங்க் (உலகத்தின் ஒரு துண்டு) ஏற்றுதல் போன்றவற்றில் உடனே எக்செப்ஷன் எறியும். பிடிக்காதவைதான் மோசம். ஒரு பையைத் தவறான த்ரெட்டில் திருத்தினால், பெரும்பாலும் நன்றாகவே நடக்கும். எப்போதாவது ஒரு நாள் பொருள் மாயமாகும், காரணமும் கிடைக்காது.

ப்ராக்ஸியிலும் ஃபோலியாவிலும்

பல சர்வர்களுக்கு முன்னால் நின்று பிளேயர்களைப் பிரித்து அனுப்பும் ப்ராக்ஸிப் பக்கம் வந்தால் விதி மாறுகிறது. அங்கே டிக் கிடையாது, நிகழ்வு பதிலுக்காக உண்மையிலேயே காத்திருக்கும், எந்த த்ரெட்டையும் பிடித்துவைக்காமல். பஞ்சிகார்ட் என்ற ப்ராக்ஸியில் லாகின் ஈவென்ட் போன்றவற்றில் ரெஜிஸ்டர் இன்டென்ட் அழைத்துவிட்டுத் திரும்பலாம். வேலை முடிந்ததும் கம்ப்ளீட் இன்டென்ட். இடையில் எக்செப்ஷன் வந்து இரண்டாவதை அழைக்காமல் விட்டால் அந்தப் பிளேயரின் லாகின் அந்தரத்தில் தொங்கும். ஃபைனலி பிளாக்கில் வையுங்கள். வெலாசிட்டி என்ற ப்ராக்ஸியில் லிசனரே ஓர் ஈவென்ட் டாஸ்க்கைத் திருப்பித் தரலாம், அது முடியும் வரை நிகழ்வு முடியாது. பக்கிட்டில் முடியாத "பிறகு வந்து கேன்சல்" இங்கே முறையாகவே முடியும். தடை பார்ப்பது போன்ற வேலைகளை ப்ராக்ஸிக்கு நகர்த்தலாமா என்று யோசிக்க இது ஒரு நல்ல காரணம்.

பேப்பர் குழு 2023-இல் வெளியிட்ட ஃபோலியா என்ற சர்வரில் மெயின் த்ரெட் என்ற ஒன்றே இல்லை. உலகம் பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக டிக் ஆகிறது. பக்கிட் ஷெட்யூலரை அழைத்தால் அன்சப்போர்ட்டட் ஆபரேஷன் எக்செப்ஷன். அங்கே "மெயினுக்குத் திரும்பு" என்று சொல்ல முடியாது; "இந்த இடத்தை வைத்திருக்கும் த்ரெட்டுக்குப் போ" என்றோ "இந்தப் பிளேயரை வைத்திருக்கும் த்ரெட்டுக்குப் போ" என்றோ சொல்ல வேண்டும். முதலாவதற்கு ரீஜன் ஷெட்யூலர், இரண்டாவதற்கு என்டிட்டி ஷெட்யூலர். சிங்க் நிகழ்வு இங்கேயும் சிங்க்தான். ஆனால் இரண்டு பகுதிகளில் ஒரே கணத்தில் உங்கள் லிசனர் இரண்டு முறை ஓடிக்கொண்டிருக்கலாம். சிங்க் லிசனருக்குள்தானே என்று சாதா ஹேஷ்மேப் வைத்திருந்தவர்களுக்கு இது புதுச் சிக்கல்.

என்டிட்டி ஷெட்யூலருக்கு டாஸ்க்கோடு ரிட்டயர்ட் என்று இரண்டாவதாக ஒரு கால்பேக்கும் தரலாம்: நம் முறை வருவதற்குள் அந்தப் பிளேயர் போய்விட்டால் ஓட வேண்டியது. பெரும்பாலான கோடில் அதற்கு நல் கொடுத்திருப்பதைப் பார்க்கிறேன். வைர வாள் கடையில் 500 காசைத் திருப்பித் தர வேண்டிய வரி இருக்க வேண்டிய இடம் அதுதான்.